ஒரு சாண் புழுவை வெள்ளையணு என்ன செய்யும்?

"கிருமி உள்ளே வந்தால் வெள்ளையணு அதை விழுங்கிச் செரித்துவிடும் என்று பள்ளியில் படித்தோம். ஒரு சாண் நீளத்துக்கு வளரும் உருண்டைப்புழுவை அது எப்படி விழுங்கும்? ஒட்டுண்ணிகளுக்கு எதிராக நம் எதிர்ப்பணுக்கள் உண்மையில் என்னதான் செய்கின்றன? ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் கூடியிருந்தால் புழு இருக்கிறது என்றுதான் பொருளா?" இவைதான் கேள்விகள். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: விழுங்காது, விழுங்கவும் முடியாது. மனிதக் குடலில் வாழும் பெண் உருண்டைப்புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். ஈசினோபில் என்ற வெள்ளையணுவின் குறுக்களவு ஏறக்குறைய 12 மைக்ரோமீட்டர். நீளத்தில் மட்டுமே ஏறக்குறைய இருபதாயிரம் மடங்கு வித்தியாசம். மறுபக்கம், மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவைத் துளைத்து நுழையும் பருவத்தில் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர்தான் இருக்கும். அதை விழுங்குவது எளிது. ஆனால் கையில் சிக்காது, நம் செல்லுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். இந்த இரண்டையும் 'ஒட்டுண்ணி' என்று ஒரே பெயரில் அழைக்கிறோம். உடல் அப்படி ஒன்றாகப் பார்ப்பதில்லை. வந்தது எவ்வளவு பெரியது, எங்கே இருக்கிறது, செல்லுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் பொறுத்து முற்றிலும் வெவ்வேறு படைகளைக் கிளப்புகிறது. படையின் பலத்தைவிட, சரியான படை கிளம்பியதா என்பதே பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது. இந்தப் பதில் முழுவதும் நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

விழுங்குவதைப் பற்றிய கதையே விழுங்க முடியாத ஒன்றிலிருந்துதான் தொடங்கியது. 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் ரஷ்ய விலங்கியலாளர் இலியா மெச்னிகோவ், கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திரமீன் இளம்புழுவின் உடலில் ஒரு முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் பார்த்தபோது நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. முள்ளை எந்தச் செல்லும் விழுங்கியிருக்க முடியாது. சூழ்ந்து நின்றன, அவ்வளவே. விழுங்கும் செல்களைப் பற்றிய அவருடைய கொள்கை இந்தக் காட்சியிலிருந்துதான் வளர்ந்தது. 1908இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1879இல் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை ஆசையோடு உறிஞ்சும் வெள்ளையணுக்களைக் கண்டு ஈசினோபில் என்று பெயரிட்டவர் அதே எர்லிக்தான்.

சிறியவற்றிலிருந்து தொடங்குகிறேன். திசுக்களில் குடியிருந்து, அந்நியமாகத் தோன்றுவதை விழுங்கும் பெரிய அணுக்களை மேக்ரோபேஜ் என்கிறோம். பாடநூல்களில் பெருவிழுங்கி என்று வரும். விழுங்கிய பொருள் ஒரு சவ்வுப் பைக்குள் அடைபடும். செரிக்கும் நொதிகள் நிறைந்த இன்னொரு பை வந்து அதோடு இணையும், உள்ளே அமிலம் ஏறும். பெரும்பாலான பாக்டீரியாக்கள் அங்கேயே மடிகின்றன. ஒட்டுண்ணிகள் இந்த ஏற்பாட்டின் ஒவ்வொரு கட்டத்தையும் உடைக்கக் கற்றிருக்கின்றன. டாக்சோபிளாஸ்மா, நுழையும்போதே தனக்கென ஒரு பையை அமைத்துக்கொண்டு, நொதிப்பை அதோடு இணையாமல் தடுத்துவிடுகிறது. சாகஸ் நோயை உண்டாக்கும் டிரிபனோசோமா குரூசி, பையின் சவ்வை உடைத்து வெளியேறி, செல்லின் உள்நீர்மத்தில் பெருகுகிறது. காலா அசாருக்குக் காரணமான லீஷ்மேனியா இன்னும் ஒரு படி மேலே போய், அந்த அமிலப் பைக்குள்ளேயே வாழப் பழகிவிட்டது. தன்னைக் கொல்லவேண்டிய செல்லே அதற்கு வீடு.

ஆக, மேக்ரோபேஜ் விழுங்கினால் மட்டும் போதாது. அதை யாராவது உசுப்பிவிட வேண்டும். அந்த வேலையை டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் செய்கின்றன. தொற்று நடந்த இடத்திலிருந்து டென்ட்ரைட்டிக் செல்கள் ஒட்டுண்ணியின் துண்டுகளை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் லட்சக்கணக்கான டி செல்களில், அந்தத் துண்டை அடையாளம் காணக்கூடிய மிகச் சிலவற்றை எழுப்புகின்றன. எழுப்பும்போது கூடவே ஒரு குறிப்பும் தருகின்றன: இன்டர்லூகின் 12 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்தால், எழும் உதவி டி செல் 'முதல் வகை'யாக மாறும். அது தொற்று நடந்த இடத்துக்குத் திரும்பி இன்டர்ஃபெரான் காமா என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். டி செல்கள் தயாராகச் சில நாட்கள் பிடிக்கும் என்பதால், அதுவரை இயற்கைக் கொல்லி செல்கள் அதே சமிக்ஞையைக் கொடுத்துத் தாங்கிப்பிடிக்கும். இன்டர்ஃபெரான் காமா கிடைத்த மேக்ரோபேஜ் வேறு பிராணி. நைட்ரிக் ஆக்சைடு, வீரியமிக்க ஆக்சிஜன் சேர்மங்கள் ஆகியவற்றைத் தன் பைக்குள்ளேயே கொட்டத் தொடங்கும்.

இங்கே அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். எதிர்ப்பியலில் என்னை மிகவும் வியக்கவைத்த விஷயம் இதுதான். இன்டர்ஃபெரான் காமா பெற்ற மேக்ரோபேஜ் அர்ஜினினை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றுகிறது. அது ஒட்டுண்ணிக்கு நஞ்சு. அதே மேக்ரோபேஜுக்கு இன்டர்லூகின் 4 அல்லது இன்டர்லூகின் 13 கிடைத்தால், ஆர்ஜினேஸ் என்ற வேறொரு நொதி மேலோங்குகிறது. அப்போது அதே அர்ஜினின் ஆர்னிதினாக மாறி, அதிலிருந்து புரோலினும் பாலிஅமைன்களும் உருவாகின்றன. புரோலின் கொலாஜன் நெய்ய உதவும், காயம் ஆறும். பாலிஅமைன்கள் செல்கள் பெருக உதவும். உள்ளே லீஷ்மேனியா இருந்தால் அது பெருகவும் அவையே தீனி. மூலப்பொருள் ஒன்று, செல் ஒன்று. வந்த சமிக்ஞையைப் பொறுத்து அதே செல் கொலைக்களம் ஆகிறது அல்லது விருந்தோம்பும் வீடாகிறது. இந்தப் பாதை எலிகளில்தான் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. மனித மேக்ரோபேஜ்கள் நைட்ரிக் ஆக்சைடை இந்த அளவுக்கு நம்பியிருப்பதில்லை, வேறு வழிகளையும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. ஆனால் சமிக்ஞை மாறினால் மேக்ரோபேஜின் குணமே மாறும் என்பது இருவருக்கும் பொது.

1986இல் டிம் மோஸ்மன், ராபர்ட் காஃப்மன் ஆகியோரின் குழு, எலிகளின் உதவி டி செல்களில் சுரக்கும் சமிக்ஞைகளைக் கொண்டு இரண்டு வகைகளைப் பிரித்தறிந்தது. முதல் வகை இன்டர்ஃபெரான் காமா சுரப்பது; இரண்டாம் வகை இன்டர்லூகின் 4 சுரப்பது. சோதனைக்குழாயில் கண்ட இந்தப் பிரிவினை உயிருள்ள உடலில் எதையாவது மாற்றுகிறதா என்ற கேள்விக்கு லீஷ்மேனியா பதில் சொன்னது. சி57 பிளாக் 6 என்ற இன எலிக்கு லீஷ்மேனியா மேஜரை ஊசிமூலம் செலுத்தினால் ஒரு புண் வந்து, சில வாரங்களில் ஆறிவிடும். பால்ப் சி என்ற இன எலிக்கு அதே ஒட்டுண்ணியை அதே அளவில் கொடுத்தால் புண் பரவிக்கொண்டே போய் எலி இறந்துவிடும். இறந்த எலியின் எதிர்ப்பு பலவீனமானது என்றுதான் யாரும் நினைப்போம். அது பலவீனமாக இல்லை. அதன் உடலிலும் டி செல்கள் பெருகியிருந்தன, எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள், ஏராளமாகச் சுரந்திருந்தன. ஆனால் எழுந்தது இரண்டாம் வகை. தொற்றின் தொடக்கத்தில் இன்டர்லூகின் 4-ஐ மட்டும் தடுத்தபோது, அதே பால்ப் சி எலிகளின் புண் ஆறியது. தப்பிக்கும் இனத்தில் இன்டர்ஃபெரான் காமாவைத் தடுத்தபோது அவை நோயில் விழுந்தன. மனிதர்களில் இந்தக் கோடு இவ்வளவு நேராக இல்லை. காலா அசாரில் இன்டர்லூகின் 10 என்ற அடக்கும் சமிக்ஞைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனாலும் உள்ளே ஒளியும் ஒட்டுண்ணிக்கு முதல் வகை எதிர்ப்பு வேண்டும் என்ற அடிப்படை மனிதருக்கும் பொருந்துகிறது.

அப்படியானால் அந்த இரண்டாம் வகை எதற்காக இருக்கிறது? புழுக்களுக்காக.

குடலில் உள்ள புழுவைக் கொல்வதைவிட வெளியேற்றுவதே உடலின் முதல் நோக்கம். அந்த வெளியேற்றம் எப்படித் தொடங்குகிறது என்பது சமீபத்தில்தான் துலங்கியது. குடலின் உட்சுவரில் ஆங்காங்கே, தலையில் தூரிகை போன்ற குச்சங்களோடு நிற்கும் டஃப்ட் செல்கள் உண்டு. 1950களிலேயே மின்னணு நுண்ணோக்கியில் இவற்றைப் பார்த்து விவரித்திருந்தார்கள். வேலை என்னவென்று விளங்கவில்லை. 2016இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடையைச் சொன்னன. சுவை அறியும் செல்களிடம் உள்ள அதே மூலக்கூறு ஏற்பாட்டைக் கொண்டு டஃப்ட் செல்கள் குடலுக்குள் ஒட்டுண்ணி வந்திருப்பதை உணர்கின்றன. உணர்ந்ததும் இன்டர்லூகின் 25 சுரக்கின்றன. அருகில் இருக்கும் உள்ளார்ந்த நிணநீர்ச் செல்களின் இரண்டாம் வகை அதைக் கேட்டு இன்டர்லூகின் 13 சுரக்கிறது. அது குடல் தண்டுச்செல்களுக்குப் போய், இனிமேல் பிறக்கும் செல்களில் சளி சுரக்கும் கோப்பைச் செல்களும் டஃப்ட் செல்களும் அதிகம் இருக்கட்டும் என்று ஆணையிடுகிறது. டஃப்ட் செல் கூடினால் எச்சரிக்கையும் கூடும், எச்சரிக்கை கூடினால் டஃப்ட் செல் இன்னும் கூடும். சில நாட்களில் குடல் சுவரே வேறொன்றாக மாறிவிடுகிறது.

அதன்பின் நடப்பது ஒரு கூட்டு வேலை. சளி பெருகி, அதன் தன்மையும் மாறி, புழு சுவரைப் பற்றிக்கொள்ள முடியாமல் வழுக்குகிறது. குடலின் வழுவழுத் தசைகள் பலமாகச் சுருங்கி விரிகின்றன. நீர் உள்ளே கசிகிறது. சுவரின் மேலணி செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பிறந்து மேலேறி உதிர்கின்றன. சாட்டைப்புழு போலத் தலையைச் சுவர்ச் செல்களுக்குள் நுழைத்து வாழும் புழுவுக்கு நிற்கும் தரையே நகர்ந்துகொண்டிருக்கும். மாஸ்ட் செல்கள் என்ற இன்னொரு வகை எதிர்ப்பணுக்கள் தங்கள் நொதிகளால் செல்களுக்கு இடையிலான இறுக்கத்தைத் தளர்த்தி, நீரும் எதிர்ப்பொருள்களும் குடலுக்குள் பாய வழிவிடுகின்றன. எலிகளின் குடலில் நிப்போஸ்ட்ராஞ்சைலஸ் என்ற புழுவை இப்படி ஏறக்குறைய பத்து நாட்களுக்குள் முழுவதுமாகத் துரத்திவிடுகின்றன. புழுவின் உடலை ஒரு செல்கூட விழுங்கவில்லை, கடிக்கவும் இல்லை. அது வாழ முடியாத இடமாகக் குடலை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

ஆனால் எல்லாப் புழுக்களும் குடலிலேயே பிறந்து குடலிலேயே இருப்பதில்லை. கொக்கிப்புழுவின் இளம்புழு தோலைத் துளைத்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைவழியே விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. உருண்டைப்புழுவின் இளம்புழுவும் கல்லீரல், நுரையீரல் என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் குடலுக்குத் திரும்புகிறது. இந்தப் பயணத்தில்தான் அவை தாக்குதலுக்கு மிகவும் இலகுவாக இருக்கின்றன. பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் சுரந்த எதிர்ப்பொருள்கள் இளம்புழுவின் தோல்மீது ஒட்டிக்கொள்கின்றன. அந்த எதிர்ப்பொருளைப் பிடிமானமாகக் கொண்டு ஈசினோபில், நியூட்ரோபில், மேக்ரோபேஜ் மூன்றும் வந்து அப்பிக்கொள்கின்றன. ஈசினோபில் தன் துகள்களில் சேர்த்துவைத்திருக்கும் நஞ்சுப் புரதங்களை, பெராக்சிடேஸ் நொதியை, புழுவின் தோல்மீது நேரடியாகக் கொட்டுகிறது. விழுங்க முடியாததை வெளியிலிருந்தே அரிக்கும் முறை. 1970களில், ரத்தக்குழாய்க்குள் வாழும் ரத்தப்புழுவின் (ஷிஸ்டோசோமா) இளம்பருவத்தை எதிர்ப்பொருளோடும் ஈசினோபில்களோடும் கண்ணாடித் தட்டில் வைத்து இது செயல்படுவதை நேரில் காட்டினார்கள்.

இந்த அணியின் இன்னொரு உறுப்பினர் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். ரத்தத்தில் எல்லாவற்றையும்விடக் குறைவாக இருக்கும் இந்த வகையை 1960களின் பிற்பகுதியில்தான் கண்டுபிடித்தார்கள். மாஸ்ட் செல்லின் மேற்பரப்பில் ஐஜிஇ முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருக்கும். புழுவின் புரதம் வந்து தொட்ட சில நிமிடங்களுக்குள் ஹிஸ்டமின் முதலானவை வெடித்து வெளியேறும். தும்மல், அரிப்பு, வீக்கம், வயிற்றோட்டம் எல்லாமே ஒருவகையில் வெளித்தள்ளும் முயற்சிகள். மகரந்தத்துக்கும் தூசிக்கும் ஒவ்வாமையில் நடப்பதும் இதே இயந்திரத்தின் ஓட்டம்தான், தவறான எதிரியின் மீது. ரத்தப்புழு பரவலாக உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் நடந்த ஆய்வுகளில், மருந்து கொடுத்துக் குணமாக்கியபின் மறுபடி தொற்றாமல் தப்பியவர்களிடம் அந்தப் புழுவுக்கு எதிரான ஐஜிஇ கூடுதலாக இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஐஜிஇ வெறும் தொல்லை தரும் மிச்சம் அல்ல என்பதற்கு அது நல்ல சான்று.

ஈசினோபிலைப் 'புழுக்கொல்லி' என்று மட்டும் எழுதிவைக்கும் வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஈசினோபிலே இல்லாமல் வளர்த்த எலிகளில் சோதித்தபோது, சில புழுக்களின் விஷயத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டிரைக்கினெல்லா என்ற புழுவில் நிலைமை தலைகீழ்: தசைக்குள் குடியேறும் அதன் இளம்புழுக்கள் ஈசினோபில் இருந்த எலிகளில் பிழைத்தன, இல்லாத எலிகளில் நைட்ரிக் ஆக்சைடுக்கு இரையாகி மடிந்தன. நைட்ரிக் ஆக்சைடு அளவுமீறாமல் அடக்கும் வேலையையும் ஈசினோபில் செய்கிறது. அந்த அடக்கத்தின் நிழலில் புழு வாழ்ந்துகொள்கிறது. திசுவைப் பழுதுபார்ப்பதும் சமநிலை காப்பதும்கூட அதன் வேலைகளே. அங்கே எந்தப் புழு, எந்தத் திசு என்பதைக் கேட்காமல் ஒரு செல்லுக்கு நல்லது கெட்டது என்ற பட்டம் கொடுக்க முடியாது.

மலேரியாவுக்கு வருகிறேன். உலகில் 2023இல் மட்டும் ஏறக்குறைய 26 கோடிப் பேரை இந்த நோய் தாக்கி, 6 லட்சம் பேரளவுக்குக் கொன்றதாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இந்த ஒட்டுண்ணி ஒரே உடலில் இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒளிகிறது, இரண்டுக்கும் வெவ்வேறு எதிர்ப்பு தேவைப்படுகிறது. கொசு செலுத்தும் ஒட்டுண்ணிகள் முதலில் கல்லீரல் செல்லுக்குள் போகின்றன; ஒரு வாரத்தில் ஒன்று பல ஆயிரமாகப் பெருகும். கல்லீரல் செல்லுக்கு உட்கரு உண்டு, தன்னுள் நடப்பதைத் துண்டுபோட்டு மேற்பரப்பில் காட்டும் ஏற்பாடும் உண்டு. கொல்லி டி செல்கள் அதைப் பார்த்து அந்தச் செல்லையே அழித்துவிட முடியும். 1967இல் ரூத் நுசன்ஸ்வைக்கின் குழு, கதிர்வீச்சால் வலுவிழந்த ஒட்டுண்ணிகளைச் செலுத்தி எலிகளுக்கு மலேரியா வராமல் தடுக்க முடியும் என்று காட்டியது. தடுப்பூசி சாத்தியம் என்ற நம்பிக்கைக்கு அது அடித்தளம்.

கல்லீரலைத் தாண்டிவிட்டால் களமே மாறிவிடுகிறது. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. உள்ளே இருப்பதைக் கொல்லி டி செல்லுக்குக் காட்டும் சாதனமும் இல்லாத அளவுதான். மலேரியா தேர்ந்தெடுத்த ஒளிவிடம் அப்படிப்பட்டது. இங்கே எதிர்ப்பொருள்கள்தான் முன்னே வரவேண்டும். ஒரு சிவப்பணு வெடித்து வெளியேறும் இளம் ஒட்டுண்ணிகள் அடுத்த அணுவுக்குள் நுழைய எடுத்துக்கொள்ளும் அந்த ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் அவற்றைப் பிடித்தாக வேண்டும். இன்னொரு காவல் மண்ணீரல். தொற்றிய சிவப்பணு விறைத்துப்போவதால், மண்ணீரலின் மிகக் குறுகிய பிளவுகளில் நெளிந்து கடக்க முடியாமல் சிக்கும். அங்குள்ள மேக்ரோபேஜ்கள் அதை விழுங்கும். மண்ணீரல் அகற்றப்பட்டவர்களுக்கு மலேரியா கடுமையாவதற்குக் காரணம் இதுவே. கொடிய வகையான ஃபால்சிபாரம் இதற்கும் வழி வைத்திருக்கிறது: தொற்றிய அணுவின் மேற்பரப்பில் ஒட்டும் புரதமொன்றை நிறுத்தி, ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மண்ணீரலுக்கே போகாமல் தப்புகிறது. மூளையின் நுண்குழாய்களில் அப்படி ஒட்டும்போதுதான் மூளை மலேரியா வருகிறது. அந்தப் புரதத்தை எதிர்ப்பொருள் மறைத்துவிடலாமே என்றால், ஒட்டுண்ணியிடம் அதற்கென ஏறக்குறைய 60 மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெளியே காட்டும். உடல் அதைக் கற்றுக்கொள்வதற்குள் அடுத்ததற்கு மாறிவிடும்.

மலேரியாவை எதிர்க்கும் திறன் ஆண்டுக்கணக்கில் துண்டுதுண்டாகச் சேர்வது இதனால்தான். தொற்று மிகுந்த பகுதியில் வளரும் குழந்தை முதலில் சாவிலிருந்தும் கடும் நோயிலிருந்தும் பாதுகாப்புப் பெறுகிறது, பிறகு காய்ச்சலிலிருந்து, ஒட்டுண்ணி அறவே நுழையாத நிலை பெரியவர்களுக்கும் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. 1961இல் காம்பியாவில் செய்த ஒரு சோதனை இதை அழகாகக் காட்டியது. மலேரியாவோடு வாழ்ந்து பழகிய பெரியவர்களின் ரத்தத்திலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்து, கடும் மலேரியாவில் இருந்த குழந்தைகளுக்குச் செலுத்தினார்கள். ஒட்டுண்ணிகளின் எண்ணிக்கை சில நாட்களில் வெகுவாக இறங்கியது. 2021 அக்டோபரிலும் 2023 அக்டோபரிலும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த இரண்டு மலேரியா தடுப்பூசிகளும் இந்த வேடம் மாறும் பருவத்தோடு மோதுவதில்லை. கொசு செலுத்தும் பருவத்தின் மேலுறைப் புரதத்தைக் குறிவைத்து, கல்லீரலுக்குள் நுழையுமுன்பே தடுக்கப் பார்க்கின்றன. இடத்தேர்வில் இருக்கும் அறிவுக்கூர்மைக்காகவே இவற்றை நான் மதிக்கிறேன்.

வேடம் மாற்றுவதில் மலேரியாவையும் மிஞ்சியது ஆப்பிரிக்கத் தூக்கநோயை உண்டாக்கும் டிரிபனோசோமா. முன்பு சொன்ன குரூசியின் உறவுதான் என்றாலும், இது செல்லுக்குள் ஒளியாமல் ரத்தத்திலேயே வெளிப்படையாக நீந்துகிறது. தன் உடல் முழுவதும் ஒரே புரதத்தின் ஏறக்குறைய ஒரு கோடிப் பிரதிகளைப் போர்த்தியிருக்கும். எதிர்ப்பொருள்கள் கூட்டத்தில் பெரும்பகுதியை அழிக்கும். போர்வை மாற்றிக்கொண்ட சில தப்பித்து மறுபடி பெருகும். மாற்றுப் போர்வைகளுக்கான மரபணுக்களும் மரபணுத் துண்டுகளுமாக இரண்டாயிரத்துக்கு மேல் வைத்திருக்கிறது. ரத்தப்புழுவின் வழி வேறு: நம்முடைய புரதங்களையே எடுத்துத் தன்மேல் பூசிக்கொள்கிறது. ரத்தக்குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தும் அது அந்நியமாகத் தெரிவதில்லை.

இப்படிப்பட்ட எதிரிகளோடு உடல் பல நேரம் ஓர் உடன்பாட்டுக்கு வருகிறது. ஒட்டுண்ணியைத் துடைத்தெறிய எடுக்கும் முயற்சி நம் திசுவையே நாசமாக்கும் என்றால், கட்டுக்குள் வைத்திருப்பதே லாபம். ஒழுங்குபடுத்தும் டி செல்கள் இன்டர்லூகின் 10 முதலானவற்றைச் சுரந்து எதிர்ப்பின் வேகத்தைக் குறைக்கின்றன. யானைக்கால் நோயில் இதைக் கண்முன் பார்க்கலாம். ரத்தத்தில் நுண்புழுக்கள் நிறைந்திருக்கும் ஒருவர் வெளியே நலமாகத் தெரிவார். அவருடைய எதிர்ப்பு அடங்கியிருக்கும். கால் வீங்கிப்போன இன்னொருவரின் ரத்தத்தில் நுண்புழுவே பெரும்பாலும் இருக்காது. அவருடைய எதிர்ப்பு உக்கிரமாக இருக்கும். வீக்கத்தில் புழுவுக்குப் பங்கு இருப்பதுபோல அந்த உக்கிரத்துக்கும் பங்கு உண்டு. ரத்தப்புழுவின் முட்டைகள் கல்லீரலில் சிக்கும்போது மேக்ரோபேஜ், ஈசினோபில், டி செல்கள் சேர்ந்து ஒவ்வொரு முட்டையையும் ஒரு முண்டாகச் சூழ்ந்து மூடுகின்றன. முட்டையின் நஞ்சிலிருந்து கல்லீரல் செல்கள் தப்புவது அதனால்தான். ஆண்டுகள் போகப்போக அந்த முண்டுகளைச் சுற்றிய நார்த்திசுவே ரத்தவோட்டத்தை நெருக்கி நோயாகிறது. போதாததற்கு, குடல் சுவரில் உள்ள முட்டைகள் அந்த எதிர்ப்பின் உதவியால்தான் சுவரைக் கடந்து வெளியே போகின்றன. டி செல் இல்லாத எலிகளில் முட்டை வெளியேறுவதே குறைந்துவிடுகிறது.

2002இல் வந்த ஒரு கண்டுபிடிப்பை இங்கே சொல்லியாக வேண்டும். லீஷ்மேனியா புண் ஆறிய எலிகளின் தோலில் சில ஒட்டுண்ணிகள் மிச்சமிருக்கும். ஒழுங்குபடுத்தும் டி செல்கள்தான் அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. அந்த அடக்கும் சமிக்ஞையை நீக்கி ஒட்டுண்ணிகளை முழுவதும் துடைத்தபோது, எலிகள் மறுதொற்றை எதிர்க்கும் திறனையும் இழந்தன. மிச்சமிருந்த அந்தச் சில ஒட்டுண்ணிகளே எதிர்ப்பு நினைவை விழிப்போடு வைத்திருந்தன. புழுக்கள் நம் எதிர்ப்பைத் தணிக்கின்றன என்பதை வைத்து, குடல் அழற்சிக்கு மருந்தாகப் பன்றிச் சாட்டைப்புழுவின் முட்டைகளைக் கொடுத்தும் பார்த்தார்கள். பெரிய அளவில் நடந்த சோதனைகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. தானாக யாரும் அதை முயல வேண்டாம்.

'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று விற்கப்படும் எதைப் பற்றிக் கேட்டாலும் நான் தயங்குவது இதனால்தான். எந்த எதிர்ப்பு, எந்த வகை, எந்த இடத்தில்? கூட்டுவது எளிய சொல். இரண்டாம் வகையைக் கூட்டினால் லீஷ்மேனியாவுக்குக் கொண்டாட்டம். ஆனால் எதிர்ப்பு நிஜமாகவே குறைந்தால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லை. டாக்சோபிளாஸ்மா உலக மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். மூளையிலும் தசையிலும் உறங்கும் அதை டி செல்கள் வாழ்நாள் முழுவதும் காவல் காக்கின்றன. எச்.ஐ.வி.யால் உதவி டி செல்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 100-க்குக் கீழே இறங்கும்போது அது விழித்து மூளையழற்சியை உண்டாக்குகிறது.

கடைசிக் கேள்வி, ஈசினோபில். ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 வரை இயல்பு. அதைத் தாண்டியிருந்தால் புழு ஒரு காரணமாக இருக்கலாம். ஒரே காரணம் அல்ல. ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை, சில மருந்துகளின் எதிர்விளைவு ஆகியவையும் கூட்டும். புழுக்களிலும் திசுவுக்குள் பயணம் செய்பவையே ஈசினோபிலைப் பெரிதாக ஏற்றும். உருண்டைப்புழு நுரையீரலைக் கடக்கும் வாரங்களில் எண்ணிக்கை ஏறும். குடலில் வந்து அமைதியாக அமர்ந்தபின் இறங்கிவிடலாம். மலேரியா, அமீபா, ஜியார்டியா போன்ற ஒரு செல் ஒட்டுண்ணிகள் பொதுவாக ஏற்றுவதில்லை. அவற்றுக்கு எதிராக எழும் படை வேறு என்பதை மேலே பார்த்தோம். ஆகவே எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஒட்டுண்ணி இல்லை என்று முடிவுகட்டுவதும், எண்ணிக்கை கூடியிருக்கிறது, புழுமருந்து ஒன்றைப் போட்டுவிட்டால் போதும் என்று விடுவதும் இரண்டுமே சரியல்ல. மலப் பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை, மருத்துவரிடம் பழைய விவரங்களைச் சொல்வது எல்லாம் சேர்ந்துதான் காரணத்தைக் காட்டும்.

ஒரு புழுவை மட்டும் தனியாகச் சொல்லிவிடுகிறேன்: ஸ்ட்ராஞ்சிலாய்டஸ். மண்ணிலிருந்து தோல்வழியே நுழைவது. பெரும்பாலான புழுக்கள் மனித உடலுக்குள்ளேயே தலைமுறை பெருக்குவதில்லை. இது பெருக்கும், ஆகவே பல பத்தாண்டுகள்கூடத் தங்கிவிடும். இரண்டாம் வகை எதிர்ப்பு அதைச் சிறு எண்ணிக்கையில் அடக்கிவைத்திருக்கும்வரை எந்த அறிகுறியும் இல்லாமலே போகலாம். வேறு நோய்க்காக ஸ்டீராய்டு தொடங்கும்போது அந்த அடக்கம் குலைந்து, இளம்புழுக்கள் கட்டற்றுப் பெருகி உடல் முழுவதும் பரவும், உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டு ஈசினோபில் எண்ணிக்கையையும் இறக்கிவிடும் என்பதால், அந்த நேரத்தில் ரத்த அறிக்கை இயல்பாகத் தோன்றும். நீண்ட நாள் ஸ்டீராய்டோ எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தோ தொடங்கப் போகிறவர், இந்தப் புழு உள்ள பகுதிகளில் எப்போதாவது வாழ்ந்திருந்தாலும், முன்பு காரணம் தெரியாமல் ஈசினோபில் கூடியிருந்ததாக அறிக்கை இருந்தாலும், மருந்து தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லி இதற்கான ரத்தப் பரிசோதனையைக் கேட்க வேண்டும். ஐவர்மெக்டின் மாத்திரையில் குணமாகக்கூடிய தொற்று இது.